கட்டி வெளியிட்டவர்: சத்யப்ரியா

சத்யப்ரியாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ அவள் புகழ் பாட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் ஆபீஸில் யாருக்குமே அவளைப் பிடிக்காது. கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். டோக்கன் கொடுப்பது, மருந்துச் சீட்டு அடிப்பது, ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டுவது எல்லாம் அதுதான். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபத்து மூன்று கிளினிக்குகளில் ஓடுகிறது. என் பெயர் முத்துக்குமரன், டெஸ்டர். எழுதியதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஓகே சொல்வது என் வேலை. அதைக் கட்டி வெளியே அனுப்புவது அவள் வேலை.

கட்டுவது என்றால் என்ன என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார். மென்பொருளை மட்டும் அனுப்பினால் ஒரு கிளினிக்கில் ஓடும், அடுத்த கிளினிக்கில் படுத்துக்கொள்ளும். அதனால் அது ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுகிறோம். கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். அதை இணையத்தில் ரெஜிஸ்ட்ரி என்கிற கிடங்கில் ஏற்றிவிட்டால், கிளினிக் சர்வர்கள் கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, புதிது வந்திருந்தால் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பொட்டலத்தின் மேல் 4.1, 4.2 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்து இன்னொரு பொட்டலத்தின் மேல் ஒட்டலாம். ஆனால் உள்ளே இருப்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கைரேகை ஒன்று உண்டு. அறுபத்து நான்கு எழுத்து. உள்ளே ஒரு கமா மாறினாலும் கைரேகை மாறிப்போகும்.

சத்யப்ரியா ஒவ்வொரு ரிலீஸின்போதும் அந்தக் கைரேகையின் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் வாய்விட்டுப் படிப்பாள். பொட்டலம் கட்டும் பில்ட் மெஷினில் ஒரு முறை, ரெஜிஸ்ட்ரியில் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கையெடுப்பாள். நாங்கள் பின்னால் உட்கார்ந்து அதே மாதிரி படித்துக் கேலி செய்வோம். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

கொட்டாம்பட்டிக்காரி. அப்பா பெயர் காளை, அங்கே கடலை பயிரிடுகிறார். தினமும் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். யாரோடும் சிரித்துப் பேச மாட்டாள். போன வருடம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், வாட்ஸ்அப்பில் வந்தது நகல்தானே, ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டைக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாளாம். அவன் போனவன் போனவன்தான். பிறகு விசாரித்ததில் அவன் டிகிரியே முடிக்கவில்லை என்று தெரிந்தது. அதற்காக யாரும் இவளைப் பாராட்டவில்லை, இன்னும் கூடுதலாகப் பயந்தார்கள்.

அவள் பெருமைப்பட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு ரிலீஸோடும் ஒரு குறிப்பு போகும், கிளினிக்கில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் வந்து நிற்கும். என்ன மாறியது, எது சரியானது என்று நாலு வரி. அதன் அடியில், 'கட்டி வெளியிட்டவர்: சத்யப்ரியா'. மூன்று வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு ரிலீஸ், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் எங்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தாள்.

முதலாளி விஜயம் மேடம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மென்பொருள் விஷயத்தில் எங்கள் பேச்சைக் கேட்பார், நேரம் விஷயத்தில் சுவரில் தொங்கும் தினக் காலண்டரைத்தான் கேட்பார். ராகு காலத்தில் எங்கள் ஆபீஸிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. அதை விட்டால் சாயங்காலம் நாலரைதான். ரெஜிஸ்ட்ரி கணக்கு ஒன்றே ஒன்று, சத்யப்ரியா பெயரில் திறந்தது. நல்ல நேரத்தில் அவள் பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி டிராயரில் வைக்கச் சொன்னவரும் மேடம்தான்.

மேடத்தின் தம்பி மகன் சிவராம் எங்கள் மேனேஜர். அத்தை அத்தை என்று அவரைக் குழைந்து குழைந்து கூப்பிடுவான். அமெரிக்காவிலிருக்கும் அண்ணன் அனுப்பிய புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மேல் அதிகாரம் செய்வான். அந்த லேப்டாப்பின் சிப் வேறு வகை. எந்தச் சிப்புக்கு என்று தனியாகச் சொல்லிக் கட்டாவிட்டால், அதில் கட்டிய பொட்டலம் கிளினிக் சர்வரில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இது சத்யப்ரியாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை 4.2.0 போக வேண்டும். பத்தரைக்குள் வந்துவிடும் என்று டாக்டர்கள் சங்கத்தில் சிவராம் வாக்கு கொடுத்துவிட்டான். காலையில் ஒருவன் கடைசி நேரத்தில் எதையோ திருத்தியதால் பில்ட் மெஷின் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தது. சோதனையெல்லாம் முடிய பதினொன்று ஐந்து ஆகும் என்றாள். சிவராம் கத்தினான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டெஸ்ட் முடியாம போகாது சார். நாலரைக்கு விடுறேன், இல்லேன்னா ராகு காலத்துல விடுறேன். ரெண்டுல எதுன்னு மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

சிவராம் மேடத்திடம் போகவில்லை. என் சீட்டுக்கு வந்தான். அப்போதுதான் கீழே கடையிலிருந்து வடை வந்திருந்தது. எல்லாம் பார்த்தாயிற்றுதானே என்று கேட்டான். நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க இன்னும் பொட்டலமே வரவில்லை. ஆனால் எனக்கு இந்த வருடம் சம்பள உயர்வுக்கு எழுதுகிறவன் அவன்தான், கையில் வடை வேறு. குரூப்பில் '4.2.0 ஓகே' என்று தட்டிவிட்டேன். மணி பத்து பத்தொன்பது. பத்து இருபத்திரண்டுக்கு அவன் டிராயரைத் திறந்து தாளைப் பார்த்து, தன் லேப்டாப்பில் கட்டியதை 4.2.0 என்று ஏற்றினான். சத்யப்ரியா கை கழுவப் போயிருந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தே முக்காலுக்குள் அறுபத்து மூன்று கிளினிக்கும் படுத்துவிட்டன. முதல் போனை நான்தான் எடுத்தேன். பரவை கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் மாயக்காள். அந்த அம்மாவின் வாய்க்கு டாக்டரே பயப்படுவார்.

"ஏங்க, இங்க எம்புட்டு கூட்டம் நிக்குது தெரியுமா? காச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, டோக்கன் வரமாட்டேங்குது. இதை எவன் அனுப்பிச்சது?"

"சத்யப்ரியா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு முறை திரையில் பார்த்த பெயர், வேறு என்ன வரும். இப்படி எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தாயிற்று. மாயக்காள் சங்கத்துத் தலைவரிடம் சொல்ல, அவர் மேடத்திடம் சொல்ல, ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் ஏற்றியவர் பெயரும் சத்யப்ரியா என்றுதான் இருந்தது. பழி அழகாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. பில்ட் மெஷின் பதினொன்று ஐந்துக்குச் சோதனையை முடித்தது. முடிவை வரிவரியாகப் பார்த்தாள், பன்னிரண்டு எழுத்தைப் படித்தாள், பதினொன்று எட்டுக்கு 4.2.1 என்று வெளியிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. சுத்தமான ராகு காலம். பதினொன்றரைக்குள் எல்லா கிளினிக்கும் எழுந்து உட்கார்ந்தன. மேடம் காலண்டருக்குக் கீழே நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேடம் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். சங்கத்துக்கு விளக்கம் போக வேண்டும். சத்யப்ரியா இரண்டு தாளை மேஜையில் வைத்தாள். ஒன்றில் பில்ட் மெஷின் கட்டியதன் கைரேகை, இன்னொன்றில் 4.2.0-இன் கைரேகை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 4.2.0 கட்டப்பட்ட சிப்பின் வகையும் தாளில் இருந்தது. அந்தச் சிப் இருக்கிற மெஷின் இந்த ஆபீஸில் ஒன்றுதான் என்றாள். சிவராம் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் வாயில் வடைகூட இல்லை.

மேடம் கணக்கு டீச்சர், அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆகவில்லை. சிவராமையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளிடம் தணிந்த குரலில் பேசினார். இவன் நாளைக்கு இந்தக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், சங்கத்தில் இவன் பெயர் கெட்டால் மொத்தமும் போகும் என்றார். குறிப்பில் அவள் பெயரைப் போட்டு, கவனக்குறைவாக நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் வேலையைவிட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழ் தர முடியாது என்பதையும் அதே தணிந்த குரலில் சொன்னார். அன்றைக்குத்தான் மேடத்தை முதன்முதலாக வெறுத்தேன். என்னை வெறுத்துக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது.

"குறிப்பு எழுதுறது என் வேலை மேடம்" என்றாள் சத்யப்ரியா. "எழுதிர்றேன்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. விட்டது சனி என்று சீட்டுக்கு வந்து டீ சொன்னேன். அவள் இருபது நிமிடம் தட்டினாள். 4.2.2 கட்டினாள், பன்னிரண்டு எழுத்தைப் படித்தாள், அனுப்பினாள். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மேடத்தின் மேஜையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தாள். அதற்குள் அறுபத்து மூன்று திரையிலும் இது வந்துவிட்டிருந்தது:

'வெள்ளிக்கிழமை 10.22-க்கு வந்த 4.2.0 கிளினிக் சர்வரில் ஓடாத வகை. பில்ட் மெஷினில் கட்டவில்லை, சிவராம் அவர்களின் லேப்டாப்பில் கட்டியது. சோதனை நடக்கவில்லை. நடந்ததாக 10.19-க்கு ஓகே கொடுத்தவர் முத்துக்குமரன். தன் கணக்கின் பாஸ்வேர்டை டிராயரில் வைக்கச் சம்மதித்தது சத்யப்ரியாவின் தவறு. காத்திருந்த நோயாளிகளிடம் வருந்துகிறோம்.

4.2.0 கட்டி வெளியிட்டவர்: சிவராம்.

4.2.1, 4.2.2 கட்டி வெளியிட்டவர்: சத்யப்ரியா.'

சிவராம் கத்திய கத்தலுக்குக் கீழே ஸ்கேன் சென்டரிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். உடனே அழி என்றார் மேடம். அழிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு ரத்தம் கொதித்தது. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனவளை மறித்து, உனக்கு நான் என்ன பாவம் செய்தேன், என் பெயரை எதற்கு இழுத்தாய் என்று கேட்டேன்.

"அதுல பொய் எதுவும் இருக்காண்ணே? இருந்தா சொல்லுங்க, ஏறி வந்து மாத்திட்டுப் போறேன்."

அவள் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு, சான்றிதழ் இல்லாமல் என்ன செய்வாய் என்று அக்கறைப்படுகிற மாதிரி கேட்டுவைத்தேன்.

"நூத்திப் பதினாலுல என் பேரு இருக்குண்ணே. அத எவனும் டிராயர்ல வச்சுப் பூட்ட முடியாது. வாரேன்."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. மேடம் கதவைச் சாத்திக்கொண்டார். சிவராம் ஏற்கெனவே பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். எடுத்தேன்.

பரவை மாயக்காள். குறிப்பை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று முதல் மூச்சிலேயே தெரிந்தது. முத்துக்குமரன் என்று ஒரு ஆள் இருக்கிறாராமே, அவரிடம் கொடுங்கள், இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். அவர் லீவு என்றேன்.

"அப்ப நீங்க யாரு பேசுறது?"

அன்றைக்கு வந்த மாதிரியே, இன்றைக்கும் வாயில் ஒரு பெயர் தானாக வந்தது.

"சிவராம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் மாயக்காள். "உங்க பேரும்தான் இதுல இருக்கு. லைன்லயே இருங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்."