பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் நைனாவுக்கு உயரம் என்றால் பயம். சுற்றிலும் மலைக்கோட்டை உள்ள செஞ்சியில் குடியிருந்துகொண்டும், அவர் எந்த மலையிலும் ஏறியதில்லை. ஸ்டூலில் ஏறி டியூப் லைட் மாற்றுவதுகூட அம்மாதான். மாடிப்படி இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வலிக்கும்.

எனக்கும் அதே பயம் இருந்தது. "அவங்க நைனா ரத்தம், அப்படியே வந்திருக்குது" என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், தம்பி வரும்வரை.

தம்பி பிறந்ததும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, நைனாவின் தங்கை அவனை மேல்மலையனூருக்குத் தூக்கிப் போனாள். அத்தைக்குக் குழந்தை இல்லை. அவன் அங்கேயே வளர்ந்தான். அவளை அம்மா என்பான், எங்கள் அம்மாவைச் செஞ்சி அம்மா என்பான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது முழுப்பரீட்சை லீவுக்கு இருவரும் வந்தார்கள். வந்த அன்றே தம்பி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மாங்காய் தின்றான். அதைப் பார்த்துவிட்டு நைனா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். தம்பிக்குக் கால் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். எனக்கும் அப்படித்தான், நைனாவுக்கும். மூவருக்கும் தும்மல் ஒன்றோடு நிற்காது. விரலும் தும்மலும் ரத்தத்தில் வந்திருக்க, பயம் மட்டும் அவனுக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் அத்தை எங்களை ராஜகிரி மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஆழமான பிளவின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. கீழே எட்டிப் பார்த்தேன். அதோடு கால் நகரவில்லை.

"வாக்கா, ஒண்ணும் ஆவாது" என்றான் தம்பி.

"அவ இருக்கட்டும், நீ போடா" என்றாள் அத்தை. "எனக்கு மூச்சு வாங்குது. அந்தாண்ட இன்னா தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

மேலே போய்க்கொண்டிருந்த கூட்டத்தோடு அவனும் ஓடிவிட்டான். அத்தை பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, பாறையைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

"இன்னா அத்தை பண்ற?"

"சாமி கும்புடுறேன்."

"இங்க ஏது சாமி?"

அதற்குள் அக்கரையிலிருந்து தம்பி கத்தினான். "அம்மா, இங்க பாரு, நான் எங்க நிக்குறேன்னு."

அத்தை திரும்பவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. ஆனால் குரல் சிரித்தது. "பாத்துட்டேன்டா கண்ணு. நீ நல்லா சுத்திப் பாத்துட்டு வா."

பார்க்காமலே எப்படிப் பார்த்தேன் என்கிறாள் என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன். அத்தை பொய் சொன்னாள் என்பதுவரை எனக்குப் புரிந்தது. நைனாவின் பயம் அவளுக்கும் அப்படியே இருந்தது என்பதும், தம்பியின் கண்ணில் அது ஒருநாளும் படாமல் அவனை வளர்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.