ரோஜா இலையில் விழுந்த கத்தரி வெட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஞானதுரை, காயைத் தொடாமல் கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடுவார் என்று பெயர் பெற்றவர். அந்தப் பெயரை உண்டாக்கியதும், தினமும் நாலு பேருக்கு அதை ஞாபகப்படுத்தியதும் அவரேதான்.

1953இல் போடிமெட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். அவருடைய பங்களா வாசலிலிருந்து ஆறு ரோஜாச் செடிகளை வேரோடு பெயர்த்து ஜீப்பில் ஏற்றி வந்தார் ஞானதுரை. வீட்டு முன்னால் நட்டுக் கம்பிவேலி போட்டார். ரோஜா வந்த பிறகு வெறும் வேட்டி சட்டை அவருக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் சீனிச்சாமியிடம் ஒரு கோட்டுத் தைத்து, கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கைப்பக்கம் பிடிக்கிறது, சீனிச்சாமிக்குத் தொழில் தெரியவில்லை என்று தெருவெல்லாம் சொல்லி முடித்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் ரோஜா இலைகளில் வெட்டு விழுந்திருந்தது. இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி அரைவட்டமாக, காசை வைத்துக் கோடு போட்டு வெட்டியது போலச் சுத்தமாக இருந்தது. ஞானதுரை இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புழு இல்லை, எச்சம் இல்லை, நூலாம்படை இல்லை. வெட்டுக்கிளி கடித்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். கம்பளிப்பூச்சி தின்றால் நரம்புதான் மிஞ்சும். இதுவரை அவர் யோசித்ததெல்லாம் சரி. அதற்கு மேலும் யோசித்ததுதான் கோளாறு.

"இது பூச்சி செஞ்ச சோலி இல்ல. கத்தரி" என்றார் மனைவி தேவகிருபையிடம்.

கத்தரி இருந்தது பக்கத்து வீட்டில். கோட்டைக் குறை சொன்னதற்குச் சீனிச்சாமி வஞ்சம் தீர்க்கிறார் என்பது அவர் தீர்ப்பு. அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு சீனிச்சாமி கம்பிவேலி தாண்டி வந்து இலையை வெட்டிக்கொண்டு போவாரா என்று தேவகிருபை கேட்டாள். பெண்களுக்குத் தொழில் பகை புரியாது என்று பதில் வந்தது.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போனார். என்ன களவு போனது என்று ஏட்டையா கேட்டார். இலை என்றார். எத்தனை இலை என்றதற்கு, முழுசாக ஒன்றும் போகவில்லை, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் என்று விளக்கினார். ஏட்டையா முகம் மாறாமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்பது நாள், கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, ரோஜாவுக்கு முதுகைக் காட்டி, தையல்காரர் வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்டு முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது. சீனிச்சாமி தையல் மெஷினை விட்டு அசையவில்லை என்பதற்கு அந்தத் தெருவிலேயே நல்ல சாட்சி ஞானதுரைதான். அவருக்கு மட்டும் அது தோன்றவில்லை.

கடைசியில் புகையிலையையும் சோப்பையும் போட்டுக் கஷாயம் காய்ச்சினார். பூச்சியைக் கொல்ல அல்ல. இலையில் அடித்து வைத்தால் வெட்டுகிறவன் கை அரிக்கும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று. வராந்தா ஆணியில் அழகுக்காக மாட்டியிருந்த பித்தளை மருந்துப் பம்பை இறக்கினார். எவ்வளவு அழுத்தியும் ஒரு சொட்டு வரவில்லை. சைக்கிள் கடை ராக்கையாவைக் கூப்பிட்டனுப்பினார். சத்தம் கேட்டுத் தெருவும் வந்தது, சீனிச்சாமியும் வந்தார்.

ராக்கையா பம்பின் குழாயைக் கழற்றிக் கல்லில் தட்டினார். பீடி சுற்றியது போலப் பச்சை இலைச் சுருள்கள் வரிசையாக விழுந்தன. ஒன்றைப் பிரித்தார். ரோஜா இலைத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. நடுவே மஞ்சளாகக் குழைந்த மகரந்தம், அதில் ஒரு வெள்ளைப் புழு. அந்த நேரம் கருப்பாக ஒரு சின்னத் தேனீ வட்டமான இலைத்துண்டு ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பறந்து வந்து, வெறும் ஆணியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அண்ணாச்சி, களவுச் சாமான் ஒங்க வீட்டுலதான் இருக்கு" என்றார் ராக்கையா.

சீனிச்சாமி குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அளவெடுக்காமயே என்னமா வெட்டியிருக்கு. கோட்டையும் இதுகிட்டயே குடுத்திருக்கலாம் அண்ணாச்சி."

தேனீ இலையைத் தின்பதில்லை, குஞ்சுக்கு வீடு கட்டத்தான் வெட்டுகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்தே வேண்டாம் என்று ராக்கையா சொல்லிவிட்டுப் போனார். ஆனால் காய்ச்சிய கஷாயம் இருந்தது, பட்ட அவமானமும் இருந்தது. ஞானதுரை கஷாயத்தில் மண்ணெண்ணெயைக் கலந்து, உச்சிவெயிலில் விளக்குமாற்றால் ஆறு செடியிலும் தெளித்தார். மூன்றே நாளில் இலையெல்லாம் கருகிச் சுருண்டது. வெட்ட இலை இல்லாததால் தேனீயும் வரவில்லை. மருந்து கேட்டது என்று கடையில் சொன்னார்.

இரண்டு செடி பட்டுப்போயின. மற்ற நான்கையும் தேவகிருபை கழுவி, கருகிய கிளைகளை நறுக்கி, தண்ணீர் விட்டுத் தேற்றினாள். புதுத் தளிர் முற்றியதும் அதிலும் வட்ட வெட்டு விழுந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. அவர் பார்த்தார், பார்க்காதது போல உள்ளே போனார்.

சீனிச்சாமியிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மனுவையும் திரும்ப வாங்கவில்லை. மனைவி மூலமாகக் கோட்டைக் கொடுத்தனுப்பிக் கையைத் தளர்த்தி வாங்கிக்கொண்டதோடு சரி. சில வருஷம் கழித்து, பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு மடையன் தேனீ மேல் களவு மனு கொடுத்தானாம் என்று கடையில் கதை சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல வரவேற்பு இருந்தது. ஒருநாள் காய் வாங்க வந்திருந்த தேவாரத்து வியாபாரி காசிமாயனும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க ஊர்ல இதைப் போடிக்காரர் ஒருத்தர் கதையாத்தான் சொல்றாக அண்ணாச்சி" என்றார். "கோட்டுகூட வருதே அதுல."