தூக்கிப் போடலாம் என்று மாற்றிய ஒரு வரி

1. ஊதாத சங்கு

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஒரு காலை. பேரருவிக்கு எதிரே, எங்கள் நிறுவனம் செய்த ப்ளூடூத் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மைக்செட் அண்ணாச்சி நின்றார். ஒலிபெருக்கி ஒப்பந்தக்காரரான அவர்தான் எங்கள் வாடிக்கையாளர். பட்டையில் பேசினால், கம்பத்திலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டி வழியே குரல் கேட்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அபாயச் சங்கு ஊத வேண்டும். தண்ணீர் வரத்து திடீரெனக் கூடினால் குளிப்பவர்களை வெளியேற்ற அந்தச் சங்கை நம்பித்தான் பணியே கொடுத்திருந்தார்.

குரல் தெளிவாக வந்தது. பொத்தானை அழுத்தினார், சங்கு ஊதவில்லை. மறுபடி அழுத்தினார், ஊதவில்லை. மூன்றாம் முறைதான் ஊதியது.

"என்ன மேடம், அமுக்குனா சங்கு ஊதும்னீங்க. என் விரலுல்லா வீங்குது! மேல தண்ணி பொரண்டு வருதுன்னு வைங்க, நான் இங்கன நின்னு எண்ணிக்கிட்டு இருக்கவா?" என்றார் என்னிடம்.

ஈரத்தலையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் மேலாளர் சிரிக்கவில்லை. "பொத்தான் புரோகிராம் கோடு யாரு எழுதுனது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றாள் ஷமீமா. கடையநல்லூரிலிருந்து தென்காசி அலுவலகத்துக்குப் பேருந்தில் வந்து போகும் பெண், ஒப்பந்த ஊழியர். தவறு எங்கே என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை.

2. டீஃபால்ட்

பட்டையையும் பெட்டியையும் இணைக்கும் மென்பொருள் அடுக்கான ப்ளூடூத் ஸ்டாக்கில் சாக்கெட் என்பது, நிரல் தன் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, அனுப்பும் வாசல். போன பாக்கெட்டுக்கு மறுமுனை பதில் தராவிட்டால் சிப் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். குரலுக்கு இது ஆகாது. பழைய சொல் வழியை அடைத்தால் புதிய சொல் பின்னால் நின்றுவிடும். எனவே குறித்த நேரம் கடந்ததைத் தூக்கிப் போடச் சொல்லலாம். அதுதான் ஃப்ளஷ். எங்கள் இணைப்பில் அந்த நேரம் எண்பது மில்லிசெகண்ட். அது இணைப்பு முழுவதற்கும் ஒன்றே. எதைத் தூக்கிப் போடலாம், எதைக் கூடாது என்ற குறி மட்டும் சாக்கெட்டுக்குச் சாக்கெட் மாறும்.

அந்தக் குறியை வைக்கும் சாக்கெட் ஆப்ஷனை வடிவமைத்தவள் நான். நிரல் ஒன்றும் சொல்லாவிட்டால் 'தூக்கிப் போடாதே' என்பதே டீஃபால்ட். அந்த ஒரு முடிவுக்கு இரண்டு வாரம் யோசித்தேன்.

அருவிச் சோதனைக்குச் சில நாள் முன்பு, டெமோவில் குரல் திக்கியது. வெளியாரிடம் வாங்கிய குரல் நிரல் என் ஆப்ஷனைப் போடவேயில்லை.

"மேடம், சத்தம் வெட்டி வெட்டி வருது. டீஃபால்ட்ட மாத்திருங்க. ஒரு வரிதான?" என்றார் மேலாளர்.

"பொத்தான் கோடு பழைய டீஃபால்ட்ட நம்பி இருக்கு, சார்."

"இங்க இருக்கதே மூணு பேரு. ஷமீமா வந்ததும் சொல்லிக்கிடலாம்."

'தூக்கிப் போடலாம்' என்று மாற்றினேன். அக்காவின் நிக்காஹ்வுக்காக அவள் அப்போது விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவளிடம் மருதாணியைப் பற்றிப் பேசினேன். இதைச் சொல்ல மறந்தேன். ஆப்ஷனின் விளக்க ஆவணத்தையும் திருத்தவில்லை. அலுவலக மேசையில் பட்டையும் பெட்டியும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. ஒரு பாக்கெட்டும் தொலையவில்லை. அருவிக்கரையில் நடுவே நூறு ஈர உடம்புகள். மனித உடம்பும் தண்ணீரும் ப்ளூடூத்தின் ரேடியோ அலையை விழுங்கும். பொத்தானின் பாக்கெட் எண்பது மில்லிசெகண்டில் போய்ச் சேரவில்லை. நான் எழுதியபடியே சிப் அதைத் தூக்கிப் போட்டது.

3. வரலாற்றுப் பக்கம்

அன்று மாலையே பழைய டீஃபால்ட்டை மீட்டேன். குரலுக்கு மட்டும் தனியே குறி வைத்தேன். மறுநாள் கூட்டத்துக்கு நடுவே சங்கு முதல் அழுத்தத்திலேயே ஊதியது. ஆனால் காரணம் கேட்டிருந்த அண்ணாச்சிக்கு, 'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு' என்று கடிதம் போனது.

"உங்க பேரு வந்தா அவரு ஸ்டாக்கையே நம்ப மாட்டாரு, மேடம். அவ சின்ன வயசு, வேற எடம் கெடைக்கும்," என்றார் மேலாளர். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஷமீமாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது.

கடைசி நாள் கேட்டாள்: "அக்கா, உங்க டாக்குமெண்ட்ல டீஃபால்ட்டு 'தூக்கிப் போடாதே'ன்னுதான இருக்கு? அதப் பாத்துதான நான் எழுதுனேன்?"

"ஆமா," என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். பொறுமையாகக் கேட்டாள்.

இளையவர்களுக்கு என்னிடம் ஒரே பாடம்தான் உண்டு. டீஃபால்ட்டை மாற்றும் நாளில், அதை நம்பி எழுதியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு மேசைக்குத் திரும்புங்கள். குரல் பிந்தினால் தூக்கிப் போடலாம். இந்தச் சேதியைத் தூக்கிப் போடக் கூடாது. நான் பல வருடம் வைத்திருந்துவிட்டுச் சொன்னதற்கு ஷமீமா தந்த பதில் இதுதான்:

"கோடோட வரலாற்றுப் பக்கத்துல, மாத்துன வரிக்கு நேரா உங்க பேரு இருந்துச்சே, அக்கா. நான் அருவிலேருந்து வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் மாசக் கடைசி வரைக்கும் பேசாம இருந்தேன்."