லஜாபுவின் கருங்கண்ணாடி

லஜாபு என் பக்கத்து வீட்டுக்காரன். திருட்டுப் போனால், வலை அறுந்தால், பிள்ளைக்குக் காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால், ஏரிக்கரையில் எல்லோரும் ஓடுவது அவனிடம்தான். காரியம் முடிந்த பிறகு அவன் வீட்டுப் பக்கம் ஒருவரும் தலை காட்டமாட்டார்கள். நான் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கிறவள். வாசலில் உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டே இந்தக் கூத்தை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். வரும்போது அழுகை, போகும்போது ஒரு சலாம்கூடக் கிடையாது.

குற்றவாளியைக் காட்டும் கண்ணாடியை அவனே செய்வான். கவிழ்ந்த லாரியிலிருந்து ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று கிடைத்தால் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவான். விளக்குச் சுடர்மேல் பானை ஓட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பான். அதை விளக்கெண்ணெயில் குழைத்து, கண்ணாடியின் முதுகில் பூசி நிழலில் காயவைப்பான். காய்ந்ததும் மறுபடி பூசுவான். வெயிலுக்கு நேராகப் பிடித்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் ஊடுருவக் கூடாது, அதுவரை விடமாட்டான். அவசரப்பட்டு யாராவது வந்தால், "கரி காயட்டும்மா, உங்க திருடன் எங்க ஓடிடப் போறான்" என்பான்.

முறத்தில் சோளமாவைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியை மல்லாத்தி வைப்பான். குனிந்து பார்ப்பது அவனல்ல, குறி கேட்டு வந்தவர்தான். பார்ப்பவர் முகத்தில் கரியைப் பூசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தன் முகமே தெரிந்து தொலைக்கும். இருட்டறையில் பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கு. லஜாபு எதிர்ச் சுவரோரம் தள்ளி உட்கார்ந்துவிடுவான். வாசலில் சாட்சிக்கு ஒரு சொந்தக்காரர். உள்ளே தெரிந்த முகத்தின் பெயரைச் சாட்சி காதுபடச் சொல்லியாக வேண்டும். தெரிந்த முகம் எவனோ, குற்றவாளி அவன். மீன் காயப்போடும் டிசி என்பவனின் முகம் ஒருமுறை தெரிந்தது. அவன் கருவாட்டுப் பந்தலைக் கொளுத்திவிட்டார்கள். டிசி பெண்டாட்டி பிள்ளைகளோடு படகேறி ஏரிக்கு அந்தப் பக்கம் போனவன்தான்.

எங்கள் ஊரில் கல்யாணமானவன் பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருப்பான். இப்படி ஒரு மாப்பிள்ளையை எந்த வீட்டு முற்றத்தில் ஏற்றுவார்கள்? லஜாபுவுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். சோளக்களியைத் தானே கிண்டி, தானே தின்று, தட்டைத் தானே கழுவுவான். நோன்பு திறக்கிற நேரத்தில் ஊரெல்லாம் பாய் விரித்துக் கூட்டமாக உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் சுவரைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பான். பார்க்கப் பாவமாக இருக்கும். கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் பயந்தவள்தான்.

பயப்படாதவள் அசியாத்து ஒருத்திதான். கருவாட்டுக் கூடையோடு தினமும் அந்த வழியாகப் போவாள். அவள் புருஷன் துவாய்பு வேலை தேடி ஜோஹன்னஸ்பர்க் போனவன். முதலில் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கைப்பிடி உசிபாப் பொடிமீன் கருவாட்டை லஜாபுவின் படியில் வைத்துவிட்டு வம்பிழுப்பாள்.

"வைத்தியரே, இன்னைக்கு யாரைப் பிடிச்சுக் குடுத்தீங்க?"

"உன்னைத்தான் பிடிக்கணும். நேத்து கருவாட்டுல பாதி மணல்."

"மணலுக்குத் தனிக் காசு கேக்கலையே, சந்தோசப்படுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று முழுக்க அவன் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். எனக்குப் புரியாமலா இருக்கும்? "கேட்டுத் தொலையேன்யா" என்றேன் ஒருநாள். "புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியலையே அக்கா" என்றான்.

கடைசியில் அவள் அண்ணன் சுமைலியே அவளை லஜாபுவிடம் கூட்டிவந்தான். எங்களில் கூடப்பிறந்த பெண்களுக்குப் பொறுப்பு அண்ணன்தான். தங்கச்சி இப்படி நடுவில் தொங்கிக்கொண்டிருப்பது அவனுக்கு அவமானமாக இருந்தது.

"துவாய்பு வர்ற வழியைச் சூனியம் வெச்சு அடைச்சது யாருன்னு பாத்துச் சொல்லச் சொல்லு. ஆள் தெரிஞ்சா அவனை நான் பாத்துக்கறேன்" என்றான் லஜாபுவிடம். அவன் கையில் கடப்பாரைக் கம்பி இருந்தது. யார் முகமும் தெரியாவிட்டால், போனவன் தானாகவே வழியை மறித்துக்கொண்டான் என்று பொருள். அப்புறம் அவனுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை லஜாபு பிற்பாடு என்னிடம் சொன்னான். கரியை அவளுக்கு அவனே பூசிவிட்டான். நெற்றியில், கன்னத்தில், மூக்கில். அவளை அவன் தொட்டது அந்த ஒருமுறைதான். பிறகு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தான். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தோள் குலுங்கியது. மடியிலிருந்த முறம் ஆடி மாவு சிந்தியது. இத்தனை வருஷம் அந்த அறையில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், இவன் எழுந்ததில்லை. அன்று எழுந்தான். சத்தமில்லாமல் அவள் பின்னால் போய், தோளில் கை வைக்கக் குனிந்தான். குனிந்தவனுக்குத் தான் செய்யப்போவது உறைத்தது. சட்டென்று சுவரோரம் திரும்பிவிட்டான்.

அவள் குலுங்குவது நின்றது.

"யாரும்மா? பேரைச் சொல்லு" என்றான் வெளியிலிருந்து சுமைலி.

"ஒண்ணுமில்லண்ணே. வெறும் கருப்பு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். யாருமில்ல."

சுமைலி காறித் துப்பிவிட்டுக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டான். துவாய்புவோடு இருந்த பந்தம் அன்றே தீர்ந்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

லஜாபு கோழி ஒன்று வாங்கினான். வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "நல்லா இருக்கா அக்கா?" என்றான். "மாப்பிள்ளைக்கு என்ன குறைச்சல்" என்றேன். அவளுடைய முற்றத்துக்கு நெஞ்சை நிமிர்த்திப் போனான். அவள் பாயில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியுது. எனக்கும் உங்களைப் பிடிக்கும். ஆனா கண்ணாடில நான் உங்க முகத்தைத்தான் பாத்தேன்."

அவன் கோழியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லியிருந்தா அண்ணன் உங்களை அங்கேயே அடிச்சுக் கொன்னிருப்பான். மனசு வரல, மறைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். ஆனா என் புருஷனோட வழியை அடைச்சவர் பக்கத்துல நான் எப்படிப் படுத்துத் தூங்குவேன், சொல்லுங்க."

கோழியோடு திரும்பி வந்தவன் என் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வீசினேன்.

"மடையா, பின்னாடி நின்னேன், அது என் நிழல்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? போ, இப்பவே போய்ச் சொல்லு."

"சொன்னா நம்புவா அக்கா. அப்ப டிசி பாத்திரமும் பாயுமாப் படகேறுனானே, அது எவன் நிழல்?"

அடுப்பில் எண்ணெய் புகைந்தது.

"டிசியை விடு. உன் வாழ்க்கையைப் பாரு" என்றேன் கடைசியில்.

அவன் கோழியின் கால்கட்டை அவிழ்த்து விட்டான். அது என் மாவுப் பானைப் பக்கம் போனது. விரட்டக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

"அது மட்டும் இல்லக்கா" என்றான். "அவ கருவாடு வெச்சுட்டுப் போற ஒவ்வொரு நாளும், துவாய்பு திரும்பி வந்துடக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன். தொழுகையிலகூட வேண்டிக்கிட்டேன். அவ தப்பாப் பாத்துட்டான்னு நான் எந்த வாயால சொல்றது?"