சும்மாதான் கூப்பிட்டேன்

ரிசீவரைக் காதில் வைத்ததும் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒண்ணுமில்ல… சும்மாதான் கூப்பிட்டேன். கொஞ்சம் மேல வந்துட்டுப் போங்க” என்பார். கீழே அதைக் கேட்டவர் மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்குவார்.

மின்விசிறிக் கம்பெனியில் பணியாளர் நிர்வாக அதிகாரி அவர். ஆளை வேலையைவிட்டு அனுப்புவது, தூரத்துக் கிளைக்கு மாற்றுவது எல்லாம் அவர் தலையில்தான் விடியும். மனிதரோ இளகிய மனசுக்காரர். கெட்ட சேதியை முகத்துக்கு நேரே சொல்ல வராது. அதனால் ‘சும்மா’வைத் தலையணை போலப் போட்டு அதன்மேல் சேதியை இறக்குவார். “சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றால் ராஜினாமா. “சும்மா ஊர் மாறி இருந்து பாருங்களேன்” என்றால் மாற்றல். தலையணையால் அழுத்தினாலும் மூச்சு முட்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. தான் பூப்போலப் பேசுவதாக நினைப்பு.

ஆபீசில் அவர் பெயரே ‘சும்மா சார்’. அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை. “ஏன் நிக்கிற?” என்று கேட்டால், “காரணமில்லாம நிக்கிறேன்” என்கிறார்கள்.

அன்று காலை அவருக்குப் பேரன் பிறந்தான். மகளையும் குழந்தையையும் மனைவியின் பொறுப்பில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பெரிய கேக் ஒன்றோடு ஆபீசுக்கு வந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நெடுநாள் பழகிய ஸ்டோர்கீப்பரை முதலில் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்ல… சும்மாதான்…”

ஸ்டோர்கீப்பர் வந்து, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அதன் பிறகுதான் கேக்கைப் பார்த்தார்.

“வழியனுப்ப கேக் வேற வாங்கிட்டீங்களா சார்?”

“யோவ், நான் தாத்தா ஆயிட்டேன்யா!”

“பிள்ளைங்க இன்னும் படிக்குதுங்க சார்…”

“பேரன்யா! சாப்பிடு!”

“எப்படி சார் தொண்டையில இறங்கும்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து அழைத்த கணக்குப்பிரிவு அம்மாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புருஷனிடம் போனில் அழுதபடியே வந்தாள். டிரைவர் வரவே இல்லை. பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடிவிட்டான். வெட்டாத கேக்கின் முன்னால் சும்மா சார் உட்கார்ந்திருந்தார். இப்படியொரு நாளில்கூடத் தன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட ஒரு ஆள் இல்லையே என்று நிஜமாகவே நொந்துபோனார்.

வரவேற்பறைப் பெண் கொஞ்சம் துணிச்சல்காரி. எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அந்த வார்த்தையை விட்டுட்டுக் கூப்பிடுங்க சார்.”

“பின்ன எப்படிம்மா ஆரம்பிக்கிறது?”

“திட்டுற மாதிரி ஆரம்பிங்க.”

சும்மா சார் ஸ்டோருக்குப் போன் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். “எங்கய்யா தொலைஞ்ச? உடனே மேல வா! தலைபோற விஷயம்!”

ஸ்டோர்கீப்பர் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார். “நீங்க கத்தினதும்தான் சார் உயிரே வந்துச்சு!” சாவிக்கொத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கேக்கைத் தானே வெட்டினார். கணக்குப்பிரிவு அம்மாள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். “தாத்தா, தாத்தா” என்று அறையே இரைந்தது. சும்மா சாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது போன் மணி அடித்தது. மகள்தான். அவள் பக்கத்தில் குழந்தை ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது.

“அப்பா… ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

சும்மா சார் வாயிலிருந்த கேக்கை விழுங்காமலே எழுந்து, மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.