முப்பத்தொன்றுக்கு முன் ஒரு பயணம்

ஆபிரிக்காவிற் பிறந்து வட அமெரிக்காவிற் கற்பிக்கும் அறிஞர்கள், ஆபிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சில காலம் பணியாற்றுவதற்கென ஓர் ஆய்வுநல்கை உண்டு. அது என் மகளுக்குக் கிடைத்தபோது உறவினர் நகைத்தனர். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை எப்போது ஆபிரிக்கர் ஆனாள் என்று கேட்டனர். நான் சாம்பியாவிற் கணிதம் கற்பித்த காலத்தில் அவள் அங்கே பிறந்தவள் என்பதை எல்லோரும் மறந்திருந்தனர்.

ரொறன்ரோவில் அவள் தாதியியற் பேராசிரியர். அவளை அழைத்த சாம்பியப் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் தாதியருக்கான முதுநிலைப் படிப்பு அண்மையில்தான் தொடங்கியிருந்தது. அதனை நடத்தியவரோ வேலை கிடைத்துக் கனடாவுக்கே வந்துவிட்டார். வரும் பருவத்திலும் எவரும் பொறுப்பேற்காவிடின் அந்தப் படிப்பை மூடிவிடுவதாக முடிவாகியிருந்தது. தாயின் சிறுநீரக நோயால் மகள் ஏற்கெனவே ஒருமுறை பயணத்தைப் பின்போட்டிருந்தாள். மறுமுறை கேட்க இடமிருக்கவில்லை.

அவள் புறப்படுவதற்குச் சில நாள்களே இருந்தபோது என் மனைவி இறந்தாள்.

இறந்த எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவன்று, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீடு நிறைந்திருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை சாவுத் துடக்குள்ள வீட்டுப் பிள்ளை நெடும்பயணம் போவது எங்களவரிடையே வழக்கமன்று. மூலையிற் பயணப்பெட்டி நிற்பதைக் கண்ட மனைவியின் தம்பி, பக்கத்து நகரான ஸ்ரௌவ்விலிலிருந்து வந்தவர், என் முன்னால் வந்து அமர்ந்தார்.

"அத்தான், நீங்கள் படிச்ச மனிசன். நீங்களே சொல்லுங்கோ. தாயின்ரை முப்பத்தொண்டு முடியாமல் பிள்ளை பிளேன் ஏறலாமோ?"

அவருடைய மனைவி தேநீர்க் கோப்பையுடன் நின்றபடியே தொடர்ந்தார். "பிறந்த ஊராமெல்லே! ரெண்டு வயசிலை வெளிக்கிட்ட ஊருக்கு உவளின்ரை முகமெண்டாலும் தெரியுமோ? அங்கை வேறை ரீச்சர்மார் இல்லையாமோ?"

"இருந்தவர் மாமி," என்றாள் மகள். "அவரை நாங்கள்தானே இஞ்சை கூப்பிட்டு எடுத்தனாங்கள்."

"வாயைப் பார். தாய் போய் எட்டு நாள்தான் ஆகுது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் போகாதே என்றால் அவள் நின்றிருப்பாள். ஒருபோதும் குறை சொல்லியிருக்கவும் மாட்டாள்.

"கிரியை செய்யிறது நான்," என்றேன். "அவ போகட்டும்."

மைத்துனர் எழுந்தார். "அப்ப நாங்கள் வந்தென்ன, வராட்டி என்ன?"

அடுத்த நாள் அவள் போனாள். விமானநிலையத்திலும் அவள் அழவில்லை. அழுதால் திருப்பி அழைத்துவந்துவிடுவேன் என்று அஞ்சினாள் போலும்.

அந்தியேட்டிக்கு ஐம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தேன். ஐயர் வந்தார், அயல்வீட்டு முதியவர் இருவர் வந்தனர். "இன்னும் ஆக்கள் வரவேணுமோ?" என்று ஐயர் இருமுறை கேட்டார். தொடங்கும்படி சொன்னேன். பிண்டங்களை நானே உருட்டி வைத்தேன். எடுத்துத்தர உறவினர் எவருமில்லை.

எல்லாம் முடிந்தபின் மகள் அழைத்தாள். அங்கே மாலையாகியிருந்தது.

"ஆர் ஆர் அப்பா வந்தவை?"

"எல்லாரும் வந்தவை பிள்ளை. இப்பதான் சாப்பிட்டுப்போட்டுப் போகினம்."



"மாமா காலமையே எனக்குப் போன் எடுத்தவர் அப்பா. ஒருத்தரையும் போக விடேல்லையெண்டு சொன்னவர்."

அவள் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. பின்னர் கதவு தட்டும் ஓசையும், ஆங்கிலத்தில் ஓர் இளம்பெண் தயங்கி ஏதோ வினவுவதும் கேட்டன. கொஞ்சம் பொறுக்கும்படி மகள் அவளிடம் கூறினாள்.

"வகுப்போ?" என்றேன்.

"ஓம். மூண்டு பேர்தான் மிச்சம். மற்றவை வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டு வகுப்பை விட்டிட்டினம்."

"போய் நடத்து."

அவள் தொலைபேசியை வைத்தாள். அயலவர் இருவரும் புறப்படுவதற்கு எழுந்து நின்றனர். அவர்களுக்குச் சோறு கட்டிக்கொடுக்கத் தொடங்கினேன்.