நாற்பது சொற்களுக்கு ஓர் அகராதி

அந்தப் பதிப்பகத்தில் அவளை எல்லோரும் 'ஒற்றக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்தாளர்கள் விட்டுவிடும் க், ச், த், ப் ஒற்றுகள் எல்லாவற்றையும் சிவப்பு மையில் கொண்டுவந்து சேர்ப்பவள் என்பதால் வந்த பட்டப்பெயர். பதினெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். எதிர் மேசை வாத்தியாருடையது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் மெய்ப்புப் பார்க்கும் வேலைதான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் 'கறுப்பு' என்று திருத்தினால் அடுத்த சுற்றில் அவர் 'கருப்பு' ஆக்கிவிடுவார்.

சிறுவர் கலைக்களஞ்சியத்தில்தான் வினை வந்தது. பாதியை அவளும் பாதியை அவரும் பார்த்த புத்தகம். அது வெளிவந்த மூன்றாம் வாரம் ஓர் ஆசிரியையின் கடிதம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் கறுப்புக் கரடி, நாற்பதாம் பக்கத்தில் கருப்புக் கரடி. இரண்டும் வேறு வேறு கரடியா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்ல?

பதிப்பாளர் அம்மா அதை இருவர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "பிள்ளைங்க கேக்கறது நியாயம்தானே? ரெண்டு பேரும் உக்காந்து ஒரு அகராதியை முடிவு பண்ணுங்க. அடுத்த பதிப்பு அதன்படிதான் போகணும்."

ஒற்றக்காவுக்கு ஆறு தொகுதிப் பேரகராதி என்றால் உயிர். வாத்தியாரோ முதுகு கிழிந்த தன் பழைய அகராதியை விட்டு இம்மியும் நகரவில்லை.

"உங்களுது பெரிசு, என்னுது பழசு. எது சரின்னு யாரும்மா சொல்றது?"

"நாம சண்டை போட்ட சொல்லையே கேட்டுப் பாத்துடலாம் சார்."

பழைய மெய்ப்புக் கட்டுகளை அவிழ்த்தார்கள். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அடித்திருந்த சொற்களைப் பொறுக்கினால் நாற்பது தேறின. ஒவ்வொன்றாகத் தேடினார்கள். பேரகராதி பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. பவளமும் உண்டு, பவழமும் உண்டு. பழைய அகராதியில் 'மென்பொருள்' என்ற சொல்லே இல்லை. வாத்தியார் தும்மிக்கொண்டே அதை மூடி வைத்தார்.

கடைசியில் பக்க வடிவமைப்பாளரிடம் இருந்த ஒற்றைத் தொகுதி அகராதியை இரவல் வாங்கினார்கள். இக்கால வழக்குக்கென்று தொகுத்தது. இரண்டு வடிவம் இருந்தால் ஒன்றில் பொருள் சொல்லி, மற்றொன்றில் 'காண்க' என்று கை காட்டியது. நாற்பதில் முப்பத்தாறுக்குப் பதில் கிடைத்தது. அந்த முப்பத்தாறில் ஒன்று: 'கறுப்பு: காண்க கருப்பு.'

ஒற்றக்கா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. பதினெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் 'ரு'வை 'று' ஆக்கியிருப்பாள்! வாத்தியார் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணும்னா இந்த ஒண்ணை மட்டும் உங்க இஷ்டப்படி விட்டுடலாம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் சார். இதை விட்டா நாளைக்கு நீங்க ஒண்ணு கேப்பீங்க. அப்புறம் மறுபடி ரெண்டு கரடிதான்."

இனி எதற்கு எந்த நூலைப் பார்ப்பது என்று சொல்லும் விதித்தாளை அவளே எழுதினாள். சொல்லுக்கு அந்த ஒற்றைத் தொகுதி அகராதி. ஒற்று மிகுவதற்கு ஓர் இலக்கணக் கையேடு. அறிவியலுக்கு ஒரு கலைச்சொல் தொகுதி. மூன்றும் கைவிட்ட நான்கு சொற்களுக்கு இருவரும் பேசி முடிவெடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். 'கருப்பு' என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.

இரண்டாம் பதிப்பு ஒரே கரடியோடு வெளிவந்தது. ஒரு பக்கத்தில் தொடங்கிய விதித்தாள் இப்போது பதினொரு பக்கம். சண்டை ஓய்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போன வாரம் அந்த அகராதியின் புதிய பதிப்பு கடைக்கு வந்திருக்கிறது. உடனே மாறிவிட வேண்டும் என்கிறார் வாத்தியார். இப்போது திருத்திக்கொண்டிருக்கும் புத்தகம் முடியும்வரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்கிறாள் ஒற்றக்கா.